அவர் பெயரில் நான் எழுதியவை

"கிட்டத்தட்ட" என்ற சொல்லை அந்த அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. நேரம் என்ன என்று கேட்டால் ஏழு இருபத்து மூன்று என்பார். கறி எப்படி என்று அம்மா கேட்டால், "உப்புக் கூடிப்போச்சு அன்ரி, ஆனா சாப்பிடலாம்" என்பார். என் புதுச் சட்டை எப்படி என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலுக்காக நாலு நாள் அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறேன். நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று அந்த நாலு நாளும் அவருக்கு விளங்கவேயில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு மேல்மாடி அறை ஒன்றை அம்மா வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார். சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் முடியப்போன நேரத்தில்தான் அக்கா வந்தார். கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம். அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. ஏ.எல். பரீட்சை எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒன்று.

காலி வீதியில் ஒரு பார்மசியில் அவருக்கு வேலை. டொக்டரின் எழுத்து விளங்காவிட்டால் மருந்து கொடுக்கமாட்டார். ஒருநாள் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் அரை மணித்தியாலம் நின்று கத்திப்போட்டுப் போனாராம். அக்கா டொக்டருக்குப் போன் எடுத்து எடுத்து, அவர் எடுக்கும்வரை அசையவில்லை. முதலாளி அம்மாவிடம் வந்து முறைப்பட்டார்: "இந்தப் பிள்ளையை வைச்சிருந்தா நான் கடையைப் பூட்டவேண்டி வரும் அக்கா. ஆனா ஒண்டு, என்ர கடை மருந்தைக் குடிச்சு ஒருத்தரும் சாகமாட்டினம்." அவர் அக்காவை வேலையிலிருந்து நிற்பாட்டவுமில்லை.

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருந்தது, ஒரு விடிகாலை பொலிசும் ஆமியும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைக்கும்வரை.

ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். கிளிநொச்சி என்றால் புலி என்று பிடிப்பார்கள் என்பதால், ஊர் கேட்டால் வவுனியா என்று சொல்லும்படி அம்மா அக்காவிடம் முதலே சொல்லி வைத்திருந்தார். அக்காவின் அடையாள அட்டை வவுனியாவில் மாமா வீட்டு விலாசத்தில் எடுத்தது. ஆகவே அது பெரிய பொய்யும் அல்ல. வந்த பொலிஸ்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம கொஹெத?" என்று ஊரைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு வவுனியா என்றார். அவர் தலையாட்டி, அட்டையை நீட்டினார். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டே அக்கா, தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், அட்டைதான் வவுனியா, ஊர் கிளிநொச்சி என்று திருத்தினார்.

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா பின்னாலேயே ஓட்டோ பிடித்துப் போய், பின்னேரம் நாலு மணி மட்டும் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தார். பார்மசி முதலாளி வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

வீட்டு வாசலிலேயே அம்மா தொடங்கினார். "உமக்கு விசரே பிள்ளை? அவன் அட்டையைத் தந்திட்டுப் போகப் பார்த்தவன். நீர் ஏன் வாயைத் திறந்தனீர்?"

"அவர் ஊரைத்தானே கேட்டவர் அன்ரி."

"நான் சொன்னனான்தானே!"

"ஓம், நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டியள். நாளைக்கு அது பொய்யெண்டு தெரிஞ்சா உங்களையெல்லோ பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

மாத முடிவுக்குள் வேறு இடம் பார்க்கச் சொன்னார் அம்மா. அக்கா சரி என்று சொல்லி, அன்றைக்கே உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார். மாத முடிவு வந்தபோது அம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அக்காதான் போய், "அன்ரி, நான் இண்டைக்குப் போகோணும்" என்று ஞாபகப்படுத்தினார். "போய் இருந்து சாப்பிடும்" என்றார் அம்மா.

பார்மசிக்கு மேல்மாடியில் இருந்த டொக்டர் ஒருவர்தான், வேலையை விடாமல் இணையத்திலேயே படித்து முடிக்கக்கூடிய பட்டப்படிப்பு ஒன்றைப் பற்றி அவருக்குச் சொன்னார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். பாடம் சமூக சுகாதாரம். கட்டணத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பக்கத்தின் அடியில், வசதி இல்லாதவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. கனடாவில் இருந்த அண்ணா எனக்கு வாங்கித் தந்த கணினியில், அக்காவும் நானும் இருந்து அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒன்பது நாள் எடுத்தது. சம்பளக் கடிதம், அப்பாவின் வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம், சான்றிதழ்களின் பிரதிகள். கிராம சேவகரின் கடிதம் வன்னிக்குள் போய்வரும் வழியான ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி யார் யாரோ கையில் மாறி வந்து சேர்ந்தது.

கடைசிப் பெட்டியில், உங்கள் நிதி நிலைமையைப் பாதித்த சூழ்நிலைகளை விவரியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வரை எழுதலாம். அக்கா தமிழில் எழுதித் தந்தது இவ்வளவுதான்:

'அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. இரண்டு முறை இடம்பெயர்ந்தோம். இரண்டாம் முறை மாமா வீட்டில் இருந்ததால் அவ்வளவு கஷ்டம் இல்லை. அம்மா காய்ச்சலில் இறந்தார், சண்டையில் அல்ல. ஒரு தம்பி இருக்கிறான். அவன் எங்கே என்று தெரியாது. என் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காணும், இந்தப் படிப்புக்குக் காணாது. அதனால் கேட்கிறேன்.'

"அக்கா, அந்த 'அவ்வளவு கஷ்டம் இல்லை'யை எடுத்துவிடுவம்."

"ஏன்? கஷ்டம் இல்லைத்தானே."

"மற்ற ஆக்கள் அழுது வடிச்சு எழுதியிருப்பினம்."

"அவையளுக்கு அழ இருந்திருக்கும்."

"அம்மா காய்ச்சலில எண்டதையாவது விடுங்கோ. அம்மா இல்லை எண்டு மட்டும் போடுவம். மிச்சத்தை அவை தாங்களா நினைப்பினம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு விளங்காத பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "அவை பிழையா நினைக்கோணும் எண்டுதானே விடச் சொல்லுறாய். அப்பிடி வாங்கினா, படிச்சு முடியுமட்டும் அந்தப் பிழையோட நான் இருக்கோணும். எனக்கு ஏலாது."

நான் ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். மாற்றியிருக்கவும் முடியாது, பக்கத்தில் அகராதியோடு இருந்தார்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. கட்டணத்தில் முக்கால் பங்கை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அக்கா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு, அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருக்கிறது என்று சொல்லி, முதல் வேலையாக அதைத் திருத்தும்படி அவர்களுக்கு எழுதினார். நன்றி அதற்குக் கீழே இருந்தது. அன்று அவர் பார்மசிக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனார். குளியலறையில் அழுதுகொண்டிருந்ததால் பிந்திவிட்டது என்று முதலாளியிடம் காரணத்தையும் சொல்லியிருக்கிறார்.

உதவிக்கு நிபந்தனைகள் இருந்தன. ஒவ்வொரு கிழமையும் இணைய வகுப்பில் ஏதாவது எழுத வேண்டும். மூன்று கிழமை தொடர்ந்து எழுதாவிட்டால் உதவி நின்றுவிடும். அக்கா விடிய ஐந்து மணிக்கு என் கணினிக்கு முன்னால் இருப்பார். மற்ற மாணவர்கள் நீளநீளமாக எழுதுவார்கள். இவர் நாலு வரி எழுதுவார். 'எனக்கு இந்தப் பாடம் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி இது' என்று தொடங்கி ஒருமுறை எழுதினார். அந்த நாலு வரிக்குக் கீழேதான் ஆசிரியை ஆகக் கூடுதலாகப் பதில் எழுதுவார்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில், வன்னியிலிருந்து வெளியே வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அக்காவின் அப்பா வயலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாம். பார்க்க ஆள் இல்லையாம்.

"போகாதையும் பிள்ளை" என்றார் அம்மா. "உள்ளுக்குப் போறது லேசு. வெளியில விடுவாங்களோ?"

"விடமாட்டாங்கள் எண்டுதான் நினைக்கிறன்" என்றார் அக்கா. "ஆனா அப்பா படுக்கையில கிடக்கிறார் அன்ரி."

போகிற அன்று மருந்து போடும் சின்னக் காகித உறை ஒன்றின் பின்பக்கத்தில் தன் கடவுச்சொல்லை எழுதி என்னிடம் தந்தார். "மூண்டு கிழமை பார். நான் வரேல்லையெண்டா, நான் படிப்பை நிப்பாட்டுறன் எண்டு ஒரு வரி போட்டுவிடு. வேற ஒண்டும் போடாதை, என்ன?"

"ஓம்" என்றேன்.

மூன்றாம் கிழமையும் அவர் வரவில்லை. ஓமந்தைக்கு அங்காலே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செய்திகளில் ஊர்ப் பெயர்கள் மட்டும் வந்தன, ஒவ்வொன்றாக. நான் அந்த ஒரு வரியைப் போடத்தான் உள்ளே போனேன். ஆசிரியை அவருடைய பெயரைக் குறிப்பிட்டு, 'உங்களை இரண்டு கிழமையாகக் காணவில்லையே' என்று எழுதியிருந்தார். நிற்பாட்டுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. அப்படி எழுதினால் அவர் இனி வரமாட்டார் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டது போல இருந்தது. அந்தக் கிழமைப் பாடத்தை வாசித்து, அவர் எழுதுவது போல நாலு வரி எழுதிவிட்டு எழும்பினேன். அடுத்த கிழமையும் எழுதினேன்.

அது ஒன்றரை வருடத்துக்கு மேல் போனது. கட்டுரைகளும் எழுதினேன். தவணை தொடங்கும்போதெல்லாம், உதவியைப் புதுப்பிக்க, இந்த விபரங்கள் எல்லாம் உண்மை, எழுதுவது நானேதான் என்ற இடத்தில் அவர் பெயரில் ஒப்பமிட்டேன். மிச்சக் கால் பங்கை அண்ணா எனக்கு அனுப்பிய காசில் கட்டினேன். நான் ஏதோ படிக்கிறேன் என்று நினைத்து அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். உண்மையில் படித்தும் கொண்டுதான் இருந்தேன். தாய்சேய் நலம், தண்ணீரால் பரவும் நோய்கள், முகாம்களில் மலசலகூட வசதி. கடைசியாகச் சொன்ன பாடத்தில் அக்காவுக்கு எண்பத்தொரு புள்ளி கிடைத்தது.

சண்டை கடற்கரையோரத்துச் சின்னத் துண்டு ஒன்றுக்குள் ஒடுங்கியிருந்த மாதங்களில் ஆசிரியை தனியாக ஒரு கடிதம் போட்டார். உங்கள் நாட்டுச் செய்திகளைப் பார்க்கிறேன், நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா, உங்கள் அப்பா எப்படி என்று கேட்டிருந்தார். நான் அன்று முழுக்கக் கணினிக்குக் கிட்டவே போகவில்லை. மறுநாள், 'நான் நலமாக இருக்கிறேன். அப்பாவும் நலம்' என்று அவர் பெயரில் பதில் போட்டேன்.

இதற்கிடையில் எனக்கும் ஒரு ஆசை பிடித்தது. பாடம் எனக்கே நன்றாக விளங்கத் தொடங்கியிருந்தது. அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே உதவித்தொகைக்கு, என் சொந்தப் பெயரில் விண்ணப்பித்தேன். கடைசிப் பெட்டியை ஒரு பக்கம் முழுக்க நிரப்பினேன். கிடைத்தது.

சண்டை முடிந்து எட்டு ஒன்பது மாதம் கழித்து அக்கா வந்தார். முகாமிலிருந்து அவரை மாமா வீட்டுக்குப் போக விட்டிருந்தார்கள், அங்கேயிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தலைமயிரை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தது. இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அம்மா கட்டிப்பிடித்து அழுதார். அக்கா நடந்ததைச் சொன்னார், மருந்துச் சீட்டு வாசிப்பது போல. அப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து எத்தனை இடம் மாறினார், எந்தெந்த இடத்தில் எத்தனை நாள், ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "வந்த பக்கம் சரியாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுறன்" என்றார். அப்பா உடனே சாகவில்லை. பங்கருக்குள் மூன்று நாள் இருந்தார். பங்கருக்குப் பக்கத்திலேயே அக்கா குழி வெட்டி அவரைத் தாட்டார். தம்பியைப் பற்றி இன்னும் தெரியாது.

அம்மா சமையலுக்குப் போனதும் நான் அவரை மேலே கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு துன்பத்துக்குப் பிறகு அவருக்குக் கொடுக்க என் கையில் ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கணினியைத் திறந்து காட்டினேன். "பாருங்கோ அக்கா, ஒண்டும் நிக்கேல்லை. காசும் நிக்கேல்லை. இன்னும் ரெண்டு தவணைதான். நீங்கள் இருந்து முடிக்க வேண்டியதுதான்."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். தான் ஊருக்குப் போன நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு கட்டிலில் இருந்தேன். வெளியே வெயில் சுவரில் ஏறி இறங்கிவிட்டது. ஆசிரியைக்குப் போட்ட பதிலில் அவர் நின்றார்.

"இது எப்ப போட்டனீ?"

சொன்னேன்.

"இதுக்கு முந்தின கிழமைதான் அப்பாவைத் தாட்டனான்."

"எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் உயிரோட இருக்கோணும் எண்டுதான்…"

"தெரியும். உன்னில எனக்குக் கோவம் இல்லை." அவர் கோபமில்லை என்று சொன்னால் கோபமில்லைதான். "ஆனா அங்க நான் அப்பிடிக் கிடக்கேக்க, இஞ்ச நான் நல்லா இருந்திருக்கிறன். பாடமும் படிச்சு எண்பத்தொண்டும் எடுத்திருக்கிறன். இதை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?"

அடுத்த நாள் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்த என்னைத்தான் கூப்பிட்டார். இந்தத் திகதியிலிருந்து எழுதியவை எவையும் என்னுடையவை அல்ல, என்மேல் அன்புள்ள ஒருவர் எழுதினார், அந்தப் புள்ளிகளையும் அதன் பிறகு கிடைத்த உதவியையும் நான் ஏற்க முடியாது, விட்ட இடத்திலிருந்து படிக்க இடம் தருவீர்களா என்று கேட்டிருந்தார். சண்டைக்குள் இருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அதை எழுதுங்கோ அக்கா. அப்பா செத்ததை, முகாமில இருந்ததை. அதெல்லாம் உண்மைதானே!"

"கேட்டா எழுதுறன்."

அவர்கள் கேட்டார்கள். பத்து நாளில் ஒரு படிவம் வந்தது. அதோடு வந்த கடிதம், நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் மென்மையாக இருந்தது. விசேட சூழ்நிலை என்று கருதி உங்கள் இடத்தையும் உதவியையும் திருப்பித் தர முடியும், கீழே உள்ள மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள். அதற்கு என்ன அத்தாட்சி. உங்கள் பெயரில் எழுதியவர் யார், அவர் எங்கள் மாணவரா.

முதலாவதை ஒவ்வொரு இடமாக, நாளோடு எழுதினார். இரண்டாவதற்கு முகாமில் கொடுத்த பதிவுத் துண்டை ஸ்கேன் பண்ணச் சொல்லித் தந்தார். மடிப்பில் கிழிந்திருந்ததை நான் கவனமாக விரித்து வைத்தேன். மூன்றாவதற்கு வந்தபோது விரலை எடுத்துவிட்டு இருந்தார்.

அதே கணினியில், பக்கத்தில், என்னுடைய வகுப்பும் திறந்து கிடந்தது. என் முதல் தவணை. என் பெயர் மேலே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரைப் போடுங்கோ என்று நான் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? மூச்சு விடுகிற நேரம். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டு அனுப்பினார்.

பதில் வருமுன் அவர் வவுனியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே மாமாவின் மகளுடைய கடையில் வேலைக்கு நிற்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பதில் இரண்டு வரிதான் வந்தது. படிவம் முழுமையாக இல்லாததால் பரிசீலிக்க முடியவில்லை, பதிவு இரத்துச் செய்யப்படுகிறது. நான் அதை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "சரி" என்றார். "நீ படி" என்றார். அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது அதுதான். பிறகு நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை, எடுக்க முகம் இல்லை.

அன்று பின்னேரம் அம்மா குசினியிலிருந்து கேட்டார்: "அந்தப் பிள்ளையின்ர படிப்பை ஏனாம் நிப்பாட்டினவை?"

"போர்ம் முழுசா நிரப்பேல்லையாம்."

அம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். "ஆர், அந்தப் பிள்ளையோ?"

எனக்கு அந்தக் கிழமைப் பாடம் எழுத இருந்தது. நான் மேலே போனேன்.